எட்டுப் பெட்டிகள்

படகுக்கென்றே செய்த வரைபடத் திரை
என்ன விலை என்று கேட்டு வந்த ஹில்மி
அன்று இரவு சாப்பிடவில்லை.
ஆகவே என் லப்டொப்.
காப்புறுதிக் கொம்பனி கழித்துவிட்டது.
இடைவெளிக் கட்டை
இரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் கேட்கும்.
கூரையில் ஒரு ஜிபிஎஸ் குமிழ்,
கறுப்பு வண்டு மாதிரி.

முதலாவது மென்பொருள் இலவசம்.
செய்மதி எந்த வாசலால் பேசுகிறது என்று
தேடவே இரண்டு இரவு.
மூன்றாம் வாசலில் ஆளில்லை.
ஏழாவதில் எண்கள் ஓடின.
எட்மன் கை தட்டினான்.
உட்துறைமுகத்தில் கட்டிக் கிடந்தோம்;
திரையிலோ
மக்கெய்சர் மைதானத்தில் நின்றோம்,
கோல் கம்பத்துக்குக் கிட்ட.
"ஓஃப் சைட்" என்றான் ஹில்மி.
வரைபடம் அளந்தவனின் பூமி வேறாம்,
செய்மதியின் பூமி வேறாம்.
இரண்டுக்கும் நடுவே முந்நூறு மீற்றர்,
அதற்குள் நாங்கள் மூன்று பேர்.

இரண்டாவதுக்கு வருடச் சந்தா.
அழகென்றால் அழகு.
கடலைத் தலைகீழாகப் பூசியிருந்தார்கள்:
ஆழம் வெள்ளை, தரைதட்டும் இடம் நீலம்.
பதினான்கு நாள் இனாம்.
பதினைந்தாம் விடியலில்
கொட்டியார் குடா முழுக்கச் சாம்பலாகி
கடனட்டை எண் கேட்டது.

அதற்கு முன்பே எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது.
போன வைகாசியில், சல்லிக்கு நேரே,
எங்கள் புரொப்பெல்லரில் ஒரு இதழைத் தின்ற கல்
கிட்ட இழுத்துப் பார்த்தால் இருந்தது.
எட்ட விட்டால் இல்லை.
பெரிய கடலைக் காட்டும்போது
சின்னக் கல்லை மறைத்துவிடுமாம்,
திரை துப்புரவாக இருக்க.
துப்புரவு!
இதழுக்கு நாற்பத்திரண்டாயிரம் கொடுத்தவள் நான்.

மூன்றாவது, பழைய கடதாசியைப் படமெடுத்து வைத்தது.
பெருப்பித்தால் கல் பெருக்காது,
எண்கள்தான் வீங்கும்.
யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டம்கூட
ஒரு தீவு மாதிரி இருந்தது.
ஆழம் பாகக் கணக்கில்.
ஹில்மி இரண்டு கையையும் விரித்து
"இதுதான் ஒன்று" என்றான்.
பொய் சொல்லாத படம். எனக்குப் பிடித்தது.
புறாமலைக்குப் போகும்போது வெயில் ஏறியது,
திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது.

திரும்பவும் முதலாவது.
பூமியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று
எண் போட ஒரு மூலை இருந்தது; போட்டேன்.
மைதானத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கினோம்.
இன்னொன்றும் இருந்தது:
நாமே ஒரு குறி வைக்கலாம்.
எட்ட விட்டாலும் அது மறையாது.

அந்தக் கல்லில் குறி வைத்தேன்.
பெயர் கேட்டது.

"ஆமைக்கல்" என்றான் ஹில்மி.
கிண்ணியாவில் எல்லாரும் அப்படித்தானாம்.
"ஆனைப்பல்" என்றான் எட்மன்.
திருக்கடலூரில் வேறு சொன்னால் சிரிப்பார்களாம்.
கல்லை விட்டுவிட்டு
வலை, ஏலம், எட்மனின் மாமன் ஹில்மியின் வாப்பாவுக்கு
எப்போதோ கொடுக்காத டீசல் காசு
என்று பேச்சு வளர்ந்தது.
தேநீர் ஆறியது.
நான் எட்மன் சொன்னதை அடித்தேன், அவன் பக்கத்தில் இருந்ததால்.

□□□□□□□□

தமிழ் தெரியாத மென்பொருள்.
அழித்துவிட்டு ஹில்மி சொன்னதை அடித்தேன்.

□□□□□□□□

எண்ணிப் பார்த்தேன். எட்டு.
முந்தியதும் எட்டு.
இருவரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள்.
"சரியாத்தான் எழுதியிருக்கு" என்றான் ஒருவன்.
மற்றவன் மறுக்கவில்லை.

பங்குனியிலிருந்து திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.
பெட்டிகள் கிட்ட வந்ததும் லப்டொப் கீச்சிடும்.
ஹில்மி சுக்கானைத் திருப்புவான்,
முன்னணியத்தில் எட்மன் கை காட்டுவான்,
ஆளுக்கொரு பெயர் சொல்லி.
கல் யாருக்கும் எழும்புவதில்லை.

நேற்று திரையின் கீழே ஒரு செய்தி:
புதிய பதிப்பு வந்திருக்கிறது,
உங்கள் மொழி எழுத்துகளும் இனித் தெரியும்,
இப்போதே நிறுவவா?

இரண்டு பேரும் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் என்பதை அழுத்தினேன்.